கொத்தமல்லிக்குக் கூப்பாடு போடும் செல்லங்கள்

என் பெண் முதலில் கேட்டது சின்சில்லா. செல்போனில் யாரோ போட்டிருந்த வீடியோவைப் பார்த்துவிட்டாள். முயலும் அணிலும் சேர்ந்தாற்போல ஒரு பிராணி. சாம்பல் நிறத்தில் பஞ்சு உருண்டை மாதிரி இருக்கும். ஒவ்வொரு மயிர்க்காலிலிருந்தும் அறுபது முடி போல முளைப்பதால் அத்தனை அடர்த்தி. தண்ணீரில் குளிக்காது. எரிமலைச் சாம்பல் மாதிரி நைஸான தூளைக் கிண்ணத்தில் போட்டு வைத்தால், அதில் புரண்டு புரண்டு குளிக்கும். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்தான். ஆனால் அது சிலி நாட்டு ஆண்டிஸ் மலைக் குளிரில், பாறை இடுக்கில் வாழப் பிறந்த ஜீவன். அந்த ரோமத்துக்காகவே மனிதர்கள் வேட்டையாடி, காட்டில் அதன் கூட்டம் அருகிப் போய்விட்டது. வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து ஆரம்பம். நாங்கள் இருப்பதோ திருச்சி! மார்கழி விடியற்காலையை விட்டால் இங்கே அந்தக் குளுமைக்கு எங்கே போவது?

"ஏ.சி. போட்டு வெச்சுக்கலாம்மா" என்றாள்.

"உன் பாட்டி ரூமுக்கே இன்னும் ஏ.சி. போடலை" என்றேன்.

பேரம் பேசிப் பேசி, கடைசியில் கினி பிக்கில் வந்து நின்றது. அதுவும் ஆண்டிஸ் மலைப் பக்கத்து ஜீவன்தான், சின்சில்லாவுக்குத் தூரத்து உறவு. ஆனால் பல ஆயிரம் வருஷமாக மனிதர்களோடு வீட்டுக்குள் பழகி வந்தது. பெரு நாட்டில் நாம் கோழி வளர்க்கிற மாதிரி அதை வளர்த்துச் சாப்பிடவும் செய்கிறார்கள். (இதை என் பெண்ணிடம் சொல்லவில்லை.) சிலர் இதைச் 'சீமைப்பெருச்சாளி' என்பார்கள். பெயரைக் கேட்டதுமே என் மாமியார், "பொறி வெச்சு எலி புடிக்கிற வீட்டுல, காசு குடுத்து எலி வாங்கிட்டு வரப் போறீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்!

போன வருஷம் பொங்கல் கழிந்த சனிக்கிழமை, இரண்டு கினி பிக் வந்து சேர்ந்தன. கறுப்புக்கு மிளகு என்றும், பழுப்புக்குச் சீரகம் என்றும் பெயர் வைத்தாயிற்று. கடைக்காரர் கொடுத்த உபதேசம் இவ்வளவுதான்: "ரெண்டும் பொட்டைதாம்மா. முயல் தீனியே போதும். ஒரு பிரச்சினையும் வராது." மூன்றில் முதல் வாக்கியம் மட்டும்தான் உண்மை என்பது இரண்டே நாளில் தெரிந்துவிட்டது.

சீரகம் நடக்கவே யோசித்தது. நாலு அடி எடுத்து வைத்து உட்கார்ந்துவிடும். பின்னங்கால் பக்கம் கை பட்டாலே 'கீ' என்று கத்தும். முடியும் சொரசொரவென்று பொலிவில்லாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவு தீனியும் தொடவில்லை. பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனசோடுதான் சொன்னார், "புள்ளைக்கு ஜுரத்துக்குக் குடுத்த சிரப் மிச்சம் இருக்குமே, ரெண்டு சொட்டு விட்டுப் பாரேன்" என்று. மனுஷக் குழந்தைக்கே டாக்டரைக் கேட்காமல் மிச்ச மருந்து கொடுக்கிற வழக்கம் என்னிடம் இல்லை. திங்கட்கிழமை காலை அட்டைப் பெட்டியில் துணி விரித்து இரண்டையும் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனோம்.

அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"இல்லை" என்றதும், "அதுவே பெரிய விஷயம்" என்றார். நம் பிள்ளைகளுக்குச் சர்வசாதாரணமாக எழுதித் தருகிறார்களே அமாக்ஸிசிலின், அதுவும் பென்சிலின் வகை மருந்துகளும் கினி பிக்குக்கு விஷம் மாதிரியாம். அதன் வயிற்றில் புல்லை ஜீரணிக்க உதவும் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அந்த மருந்து அவற்றைக் கொன்றுவிட, கெட்ட கிருமி பெருகி விஷத்தைக் கக்கி, சில நாளில் உயிரே போய்விடும். நோவு ஒன்று இருக்க, மருந்து அதன் பிராணனை எடுத்துவிடும்! முயலுக்கும் சின்சில்லாவுக்கும்கூட இதே கதைதான் என்றார். இதை வளர்ப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

காலைத் தொட்டுப் பார்த்து, வாயைத் திறந்து ஈறைப் பார்த்து, என்ன தீனி தின்றுகொண்டிருந்தது என்று விசாரித்துவிட்டு, "வைட்டமின் சி குறைவு. ஸ்கர்வி" என்றார்.

எனக்கு ஆச்சரியம். ஸ்கர்வி என்றால் அந்தக் காலத்துக் கப்பல் மாலுமிகளுக்கு வரும், ஈறில் ரத்தம் கசியும் என்றெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதானே? அதே நோய்தான். நாய், பூனை, மாடு, ஆடு, எலி, முயல் எல்லாமே வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. அந்தச் சக்தி இல்லாத சில பிராணிகளில் மனிதனும் குரங்கும் கினி பிக்கும் அடக்கம். முயல் தானே தயாரித்துக்கொள்வதால் முயல் தீனியில் அதைச் சேர்ப்பதில்லை. அதை மட்டும் தின்ற கினி பிக்குக்கு மூட்டு வீங்கி, ஈறு கெட்டு, எலும்பு வலியெடுத்து, நடக்க முடியாமல் போகிறது. கடையில் எத்தனை வாரம் அப்படிக் கிடந்ததோ, பாவம்.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. நார்வே நாட்டில் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிச் என்று இரண்டு டாக்டர்கள், மாலுமிகளுக்கு வரும் பெரிபெரி போன்ற ஒரு நோயை ஆராய்வதற்காகக் கினி பிக்குகளுக்குத் தானியத்தை மட்டும் போட்டு வளர்த்தார்கள். வந்தது பெரிபெரி இல்லை, ஸ்கர்வி! 1907-ல் அதை வெளியிட்டார்கள். காய்கறியிலும் பழத்திலும் இருக்கும் ஏதோ ஒரு சத்துதான் இந்த நோயைத் தடுக்கிறது என்று சோதித்துக் காட்ட, அதன் பிறகு எல்லோருமே கினி பிக்கைத்தான் தேடினார்கள். பிற்பாடு அந்தச் சத்தைப் பிரித்தெடுத்து வைட்டமின் சி என்று அறிந்து, 1937-ல் ஆல்பெர்ட் சென்ட் ஜார்ஜிக்கு நோபல் பரிசும் கிடைத்தது. நாம் பிள்ளைக்குக் கொய்யாப்பழம் சாப்பிடு, எலுமிச்சை பிழிந்து தருகிறேன் என்கிறோமே, அந்த அறிவுக்குப் பின்னால் இந்தக் குட்டி ஜீவன்கள் எத்தனை பட்டிருக்கின்றனவோ!

டாக்டரம்மா வைட்டமின் ஊசி போட்டார். பிறகு சில நாள் வாய் வழியாகக் கொடுக்கச் சொட்டு மருந்து எழுதினார். ஊசி போடாத சிரிஞ்சில், ஊறவைத்துக் குழைத்த தீனியைக் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லிக் கொடுத்தார். "இதுங்க விரதம் இருக்கக் கூடாதும்மா. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலேன்னா குடல் ஓட்டமே நின்னுடும். நாளைக்குப் பாக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க" என்றார். ராத்திரி பத்து மணிக்கும் விடிகாலை நாலு மணிக்கும் நானும் அவரும் மாற்றி மாற்றி எழுந்தோம். கைக்குழந்தை இருந்த நாட்கள் ஞாபகம் வந்தன. நாலாம் நாள் கொத்தமல்லிக் காம்பைத் தானாகவே இழுத்துத் தின்றது. ஒரு வாரத்தில் ஓடியாட ஆரம்பித்துவிட்டது.

அதோடு போயிற்றா? மிளகைப் பரிசோதித்துவிட்டு அன்றைக்கே இன்னொரு குண்டும் போட்டார்: "இது சினையா இருக்கே!" கடையில் ஆண், பெண் எல்லாவற்றையும் ஒரே கூண்டில் அடைத்து வைத்திருந்தால் வேறென்ன நடக்கும்? கினி பிக்குக்குக் கர்ப்ப காலம் சுமார் 59 நாளிலிருந்து 72 நாள் வரை. முதல் பிரசவம் ஏழு மாத வயதுக்குள் ஆகிவிட வேண்டுமாம். அதற்குமேல் இடுப்பெலும்பின் மூட்டு இறுகிப் போய், குட்டி வெளியே வர வழியில்லாமல் தாயும் குட்டியும் சேர்ந்தே போவதுண்டு. அதனால் வீட்டில் வேடிக்கைக்காகக் குட்டி போட வைப்பது என்ற பேச்சே வேண்டாம் என்பது அவர் கட்சி. என் கட்சியும் அதுதான். நல்ல வேளை, மிளகுக்கு நாலைந்து மாதம்தான் இருக்கும் என்றார்.

இனி சாப்பாட்டுக்கு வருகிறேன். பிரதான ஆகாரம் காய்ந்த புல். இருபது பற்கள், இருபதும் ஆயுசு முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நாளெல்லாம் புல்லை அரைத்தால்தான் பல் தேயும். இல்லையென்றால் பல் நீண்டு, நாக்கைக் குத்தி, வாயை மூட முடியாமல் பட்டினி கிடக்கும். டிமதி புல் என்று வெளிநாட்டுப் புல் பாக்கெட்டில் கிடைக்கிறது, விலையும் அப்படித்தான். என் மாமியார் ஊரிலிருந்து அருகம்புல் வரவழைத்து, மொட்டை மாடி நிழலில் உலர்த்தி, சாக்கில் கட்டி வைக்கிறார். பூச்சி மருந்து தெளித்த இடத்துப் புல்லும், ரோட்டோரப் புல்லும் ஆகாது. வைக்கோல் போடலாமா என்று கேட்பார்கள். அதில் சத்து கிடையாது. மாட்டுக்குப் போடும் குதிரைமசால் சினைக்கும் குட்டிகளுக்கும் நல்லது. வளர்ந்ததற்குத் தினமும் போட்டால் சுண்ணாம்புச் சத்து மிஞ்சி மூத்திரப்பையில் கல் வரும்.

புல்லுக்கு அடுத்தபடி, ஆளுக்குக் கால் குடைமிளகாயும் ஒரு கைப்பிடி கொத்தமல்லியும் அன்றாடம் கட்டாயம். அதிலேயே வைட்டமின் சி கணக்கு சரியாகிவிடும். ஒரு கினி பிக்குக்கு நாளைக்குப் பத்திலிருந்து முப்பது மில்லிகிராம் வேண்டும், சினைக்கு அதிகம். வாரத்தில் இரண்டு நாள் கொய்யா ஒரு துண்டு. நெல்லிக்காயில் சத்து ஏராளம் என்று ஆசையாக நறுக்கி வைத்தேன். மோந்து பார்த்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டன! குடிக்கிற தண்ணீரில் வைட்டமின் சொட்டைக் கலக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். வெளிச்சத்தில் சத்து போய்விடும், ருசி மாறினால் தண்ணீரும் குடிக்காது. கினி பிக்குக்கென்றே விற்கும் தீனியிலும் பாக்கெட் தேதியைப் பார்த்து வாங்குங்கள். நாளாக ஆக வைட்டமின் குறைந்துகொண்டே வரும்.

சோறு, சப்பாத்தி, பிஸ்கட், பால், உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. விருந்தாளிகள்தான் பிரச்சினை, பாசத்தில் பிஸ்கட்டை நீட்டிவிடுவார்கள். பாலக்கீரையும் எப்போதாவதுதான்.

ஒரு நாள் மாமியார் பதறிக்கொண்டு வந்தார். "இந்தக் கறுப்புக் கழுதை, தன் கழிவைத் தானே குனிஞ்சு திங்குது!" அருவருப்பில் முகத்தைச் சுளித்தார். அது நோயில்லை. புல் ஒரு தடவை குடலுக்குள் போனால் சத்து முழுவதும் பிரிந்துவிடாது. அதனால் மிருதுவான ஒருவகைக் கழிவை அது மறுபடி உட்கொண்டு, இரண்டாம் முறை ஜீரணிக்கிறது. பி வைட்டமின்கள் அதில்தான் கிடைக்கின்றன. மாடு அசை போடுகிற மாதிரி என்று விளக்கினேன். "மாடு லட்சுமி. இதுவும் அதுவும் ஒண்ணா?" என்று போய்விட்டார். ஆனால் அன்று சாயங்காலமும் கொத்தமல்லி ஆய்ந்து காம்பைத் தனியாக எடுத்து வைத்தது அவர்தான்.

மார்ச் மாதம் ஒரு விடியற்காலையில் மிளகு மூன்று குட்டி போட்டது. எலிக்குஞ்சு மாதிரி ரோமமில்லாமல் கண் மூடிக் கிடக்கும் என்று எதிர்பார்த்துப் போனால், கண் திறந்து, உடம்பெல்லாம் முடியோடு, பல்லோடு, கொஞ்ச நேரத்தில் ஓடவே ஆரம்பித்துவிட்டன! அடுத்த நாளே அம்மாவின் புல்லை இழுத்து மென்றன. அதற்காகப் பால் வேண்டாம் என்றில்லை. மூன்று வாரம் பால் குடித்தாக வேண்டும். தாய்க்கு முலைக்காம்பு இரண்டே இரண்டு. மூன்று குட்டி. ஒன்று வெளியே நின்று முறை வைத்துக் காத்திருப்பதைப் பார்க்கையில் எனக்கு இரட்டைப் பிள்ளை பெற்ற என் தங்கை நினைவுதான் வந்தது. மூன்றாவது வாரம் முடிகையில் ஆண் குட்டிகளை உடனே பிரித்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். அந்த வயதிலேயே அவை தாயையும் தங்கையையும் சினையாக்கிவிடக் கூடும். இரண்டு ஆண் குட்டிகளும் ஜோடியாக அவர் ஆபீஸ் சிநேகிதர் வீட்டுக்குப் போயின. பெண் குட்டி எங்களோடு. அதன் பெயர் சோம்பு. வேறென்ன வைப்பாள்?

கூண்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. கடையில் விற்கும் சின்னக் கம்பிக் கூண்டு ஆகாது. கம்பித் தரையில் நின்று நின்று உள்ளங்கால் புண்ணாகி, அது எலும்பு வரை போய்விடும். நாலடிக்கு இரண்டடியில், தரை மூடிய கூண்டு ஆசாரியிடம் சொல்லிச் செய்தோம். அடியில் செய்தித்தாள், மேலே பழைய காட்டன் துண்டு. தினமும் காலையில் துண்டை மாற்றுவேன். கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்தக் காலத்து மரப் பீரோவுக்குச் செய்த அதே ஏற்பாடு. குட்டிகள் இருக்கும் வீட்டில் எறும்பு சாமானிய எதிரி இல்லை. தனியாக ஒன்றே ஒன்றை வளர்ப்பதும் பாவம். கூட்டமாக வாழ்ந்த இனம், பேச்சுத்துணை வேண்டும். எத்தனை விதமாகப் பேசுகின்றன என்கிறீர்கள்! ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டால் 'வீக் வீக்' என்று வீட்டையே இரண்டாக்கும். சந்தோஷம் வந்தால் பொரி பொரிகிற மாதிரி நின்ற இடத்திலிருந்து துள்ளும்.

சித்திரை, வைகாசிதான் சோதனைக் காலம். சின்சில்லா அளவுக்கு இல்லையென்றாலும், 30 டிகிரிக்கு மேல் கினி பிக்குக்கும் ஆபத்துதான். திருச்சி வெயில் 40-ஐத் தொடும்போது என்ன செய்வது? வீட்டிலேயே குளுமையான உள் அறைக்குக் கூண்டை மாற்றினோம். ஒரு மண்பானையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, வெளிப்புறம் ஈரத்துணி சுற்றினேன். மூன்றும் அதற்குள் போய் அடைந்துகொள்ளும். தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணியில் சுற்றி மூலையில் வைத்தால் அதில் சாய்ந்துகொண்டு படுக்கும். ஜன்னலுக்கு ஈரக் கோணி. உடம்பைத் தரையோடு பரப்பிப் படுத்து, மூச்சு வாங்கி, வாயில் எச்சில் வடிந்தால் வெப்ப அடி விழுந்துவிட்டது என்று அர்த்தம். காதையும் பாதத்தையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே டாக்டரிடம் ஓட வேண்டும். ஐஸ் தண்ணீரை ஊற்றக் கூடாது.

இவை இரையாகப் பிறந்த இனம். நோவை வெளியே காட்டிக்கொண்டால் காட்டில் பருந்தும் நரியும் முதலில் அதைத்தான் தூக்கும். ஆகவே கடைசிவரை ஒன்றுமில்லாதது போலவே உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க என்னிடம் இருக்கும் ஒரே ஆயுதம் சமையலறைத் தராசு. ஞாயிறுதோறும் பிளாஸ்டிக் கூடையில் உட்காரவைத்து நிறுத்து, நாட்காட்டியில் எழுதுவது என் பெண்ணின் வேலை. ஒரே வாரத்தில் ஐம்பது கிராமுக்கு மேல் குறைந்தால் டாக்டரிடம் போன். ஆகஸ்டில் மிளகு அப்படி எழுபது கிராம் குறைந்தது. பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. போய்ப் பார்த்ததில் ஒரு கடைவாய்ப்பல் சாய்ந்து வளர்ந்து கன்னத்தைக் கீறியிருந்தது. பல்லைச் சரி செய்து, நாலு நாள் சிரிஞ்சில் ஊட்டியதோடு போயிற்று. தராசு இல்லாவிட்டால் பட்டினியில் போயே போயிருக்கும்.

சின்னக் குழந்தை இருக்கும் வீடு என்றால் சில ஜாக்கிரதை வேண்டும். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளையிடம் தனியாகக் கொடுக்காதீர்கள். பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து, மடியில் துண்டு போட்டு, நெஞ்சுக்கும் பின்பக்கத்துக்கும் இரண்டு கை கொடுத்து வைக்க வேண்டும். நின்றுகொண்டு தூக்கிக் கைநழுவினால் கால் எலும்போ முதுகெலும்போ முறியும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டுப் பக்கம் வரக் கூடாது. வயிற்றுப்போக்குக் கிருமி ஒட்டிக்கொள்ளும். முடி வட்டமாக உதிர்ந்து செதிலாக இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது நமக்கும் வரும், நம்மிடமிருந்து அதற்கும் போகும்.

நல்லது ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குடைமிளகாயைப் பார்த்தாலே ஓடுகிற என் பெண், "உன் உடம்பும் சீரகம் உடம்பும் இந்த விஷயத்தில் ஒண்ணுதான்" என்று டாக்டரம்மா சொன்னதிலிருந்து, அதற்குக் கால் துண்டு வைத்தால் தானும் ஒரு துண்டு கடிக்கிறாள். நான் இரண்டு வருஷமாகக் கெஞ்சி நடக்காதது!

இதன் ஆயுசு ஐந்திலிருந்து எட்டு வருஷம். ஒன்பது வயதில் கேட்ட பிள்ளை, பிளஸ் டூ படிக்கும்போதும் இது இருக்கும். பரீட்சை வந்தால் துண்டு மாற்றப் போவது யார்? அம்மாதான். அதற்குத் தயாரென்றால் வாங்குங்கள். ஊருக்குப் போவதுதான் இன்னொரு சங்கடம். இரண்டு நாள் தீனியை மொத்தமாகக் கொட்டிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போக முடியாது. இந்தப் பொங்கலுக்கு அவருடைய ஊருக்குக் கிளம்பும்போது எதிர் வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் சாவியைக் கொடுத்தோம். எவ்வளவு புல், எவ்வளவு மல்லி, எந்த மருந்து கூடவே கூடாது, டாக்டர் நம்பர் எல்லாவற்றையும் எழுதிக் கூண்டில் ஒட்டினேன். "எடையைத் தினமும் அனுப்பட்டுமாக்கா?" என்றாள். வாரம் ஒரு தடவை போதும் என்றேன். தினமும்தான் அனுப்பினாள்.